மழை வந்தால் வாசல் கதவு வழியாகத் தண்ணீர் வருகிறதா? சிலிகான் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மழை வலுத்ததும் வாசற்படி ஓரமாகப் பழைய துண்டைச் சுருட்டி வைக்கிற வீடா உங்களுடையது? மும்பை மாட்டுங்கா, பெங்களூரு மல்லேஸ்வரம், சென்னை மயிலாப்பூர் என்று ஊர் எதுவானாலும், பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பழக்கப்பட்ட வேலை. இல்லாவிட்டால் ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் நடக்கும். வீடியோ காலில் காட்டுவார்கள்.

பெரும்பாலானவர்கள் அடுத்துச் செய்வது, ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு சிலிகான் டியூப் வாங்கி, கண்ணில் படும் இடுக்கையெல்லாம் அடைப்பது. செலவு சில நூறு ரூபாய்தான். ஆனால் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாமல் அடைத்தால், நுழைகிற வழி திறந்தே இருக்க, வெளியேறுகிற வழி மூடிக்கொள்ளும். தண்ணீர் மரத்துக்குள் தங்கும். தரையில் ஈரம் தெரியாததால் பிரச்சனை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து நிலையின் அடிப்பகுதி மக்கிப்போயிருக்கும். கதவை மட்டும் மாற்றுவது ஒரு செலவு. சுவரை உடைத்து நிலையையே எடுத்து மாற்றுவது வேறு கணக்கு.

அதனால் இந்தக் கட்டுரை சொல்வது ஒரே விஷயம்: முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு தண்ணீரைத் திருப்பி விடுங்கள், அடைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுக்கு மேலே சன்ஷேட் இருக்கிறதே, பிறகு எப்படி நனைகிறது?

மழை நேராக விழுந்தால் சன்ஷேட் போதும். காற்றோடு சேர்ந்து வரும்போது கதை மாறுகிறது. இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

2 மி.மீ. அளவுள்ள மழைத்துளி ஒன்று நொடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் கீழே விழுகிறது. அதே நேரம் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுவரிலிருந்து 60 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட், அதற்குக் கீழே எவ்வளவு உயரத்தை நனையாமல் காப்பாற்றும்?

- காற்று மணிக்கு 18 கி.மீ. என்றால்: சுமார் 78 செ.மீ.
- மணிக்கு 36 கி.மீ. என்றால்: சுமார் 39 செ.மீ.
- மணிக்கு 54 கி.மீ. என்றால்: சுமார் 26 செ.மீ.

வழக்கமான கதவின் உயரம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது, நல்ல காற்று மழையில் கதவின் மேல் பகுதி மட்டும் தப்பிக்கும். இடுப்புக்குக் கீழே முழுக்க நனையும். (இது தடையில்லாமல் நேராக வீசும் காற்றுக்கான கணக்கு. எதிர்வீடு, மரம், காம்பவுண்டு சுவர் இருந்தால் நனைவது குறையும்.)

இன்னொரு கணக்கும் உண்டு. காற்று சுவரில் மோதும்போது அழுத்தம் உருவாகிறது. கட்டடங்களின் மீதான காற்று விசைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, பகுதி 3-இல் இதற்கு எளிய சூத்திரம் இருக்கிறது: காற்றின் வேகத்தை (நொடிக்கு மீட்டரில்) அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். அந்த அழுத்தம் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றும் என்று பார்த்தால்:

- மணிக்கு 18 கி.மீ.: சுமார் 1.5 மி.மீ.
- மணிக்கு 36 கி.மீ.: சுமார் 6 மி.மீ.
- மணிக்கு 54 கி.மீ.: சுமார் 14 மி.மீ.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். வாசற்படியின் மேடு 1 செ.மீ. உயரம்தான் என்றால், பலத்த காற்று மழையில் தண்ணீர் அதன் மேல் ஏறியே உள்ளே வந்துவிடும். "சாதா மழைக்கு ஒண்ணும் ஆகல, அன்னைக்குப் புயல் மழைக்கு மட்டும் வந்துச்சு" என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எந்தக் கதவு அதிகம் பாதிக்கப்படும்?

இது ஊரைப் பொறுத்தது. மும்பை, கொச்சி, மங்களூரு போன்ற மேற்குக் கடற்கரை ஊர்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்று கடலிலிருந்து வருவதால் மேற்கு, தென்மேற்குப் பார்த்த கதவுகள் அடி வாங்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வடக்கு, கிழக்குப் பார்த்த கதவுகளில் பிரச்சனை அதிகம். பெங்களூருவுக்கு மே மாதக் கோடை மழையில் தொடங்கி அக்டோபர் வரை இழுக்கும்.

ஒரு வீட்டில் இரண்டு வாசல் இருந்து ஒன்றில் மட்டும் தண்ணீர் வந்தால், அந்தக் கதவு மட்டமானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது பார்த்திருக்கும் திசையை முதலில் பாருங்கள்.

தண்ணீர் நுழையும் ஐந்து வழிகள்

தரையில் ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் நுழைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலே நுழைந்த நீர் நிலைக்குப் பின்னாலேயே இறங்கி, கீழே மூலையில் எட்டிப் பார்க்கும். பழைய மரக்கதவில் பொதுவாக ஐந்து வழிகள் உண்டு.

1. கதவுக்கு மேலே. சன்ஷேட் சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் மழைநீர் அதற்குள் இறங்கும். சன்ஷேட்டின் அடிப்பக்கமாகவே நீர் ஒட்டிக்கொண்டு சுவர் வரை ஓடி வருவதும் உண்டு. விளிம்பில் நீர் சொட்டி விழுவதற்கான பள்ளக்கோடு இல்லாததுதான் காரணம்.

2. நிலைக்கும் சுவருக்கும் நடுவே. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமெண்ட் பூச்சு அப்படிச் செய்யாது. இரண்டும் சேரும் கோட்டில் விரிசல் விழுவது இயல்பு.

3. கதவின் உடம்பிலேயே. சட்டமும் பலகையும் சேரும் மூட்டுகள், கண்ணாடி பதித்த இடத்தில் காய்ந்து உதிர்ந்த லப்பம், பழைய பூட்டை எடுத்த துளை.

4. கதவுக்கும் நிலைக்கும் நடுவே. கீல் தளர்ந்து கதவு சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் வாய் பிளக்கும். இரட்டைக் கதவு என்றால் இரண்டும் சேரும் நடுக்கோடும் இதில் சேரும்.

5. கதவுக்கு அடியில். நம் வீட்டு வாசல் கதவுகள் பெரும்பாலும் உள்பக்கமாகத் திறப்பவை. வெளிமுகத்தில் வழியும் நீர் கதவின் அடி விளிம்பில் திரும்பி உள்ளே போவது சுலபம்.

ஐந்தாவதில் கதவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணமும் இருக்கலாம்: வெளித் தரையின் வாட்டம். வாசலுக்கு முன்னால் 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள திறந்த நடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். இந்திய வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தால் அதைக் கனமழை என்கிறது. அந்தக் கனமழை நாளில் உங்கள் நடையில் மட்டும் சுமார் 232 லிட்டர் விழும். நடையின் வாட்டம் வாசல் பக்கமாக இருந்தால் அவ்வளவும் கதவை நோக்கித்தான் வரும். எந்த ரப்பரும் எந்த சிலிகானும் இதைத் தாங்காது. பழைய தரையின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளிலும், தெரு உயர்ந்துகொண்டே போன இடங்களிலும் இது சகஜம்.

இது மழைநீர்தானா?

முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். மழை நின்ற ஓரிரு நாளில் ஈரம் காய்ந்துவிட்டால் மழைநீர்தான். மழையே இல்லாத ஏப்ரலிலும் நிலையின் அடி ஈரமாக இருந்தால் காரணம் வேறு: தரையிலிருந்து சுவர் வழியாக ஏறும் ஈரம், பக்கத்தில் போகும் தண்ணீர்க் குழாய், அல்லது குளியலறைச் சுவர். அதற்கு ஆசாரியைக் கூப்பிட்டுப் பயனில்லை. பிளம்பரையோ கொத்தனாரையோ கூப்பிட வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி? அரை நாள், இரண்டு பேர், ஒரு வாளி

மழை இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலிங் பெல், வாசல் விளக்கு சுவிட்ச் எல்லாம் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த லைனின் எம்.சி.பி.யை முதலில் அணைத்துவிடுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது.

டார்ச் சோதனை: முந்தின நாள் இரவே செய்துவிடலாம். உள்ளே இருப்பவர் கதவின் ஓரமெல்லாம் டார்ச் அடித்துக்கொண்டே வரட்டும். வெளியே இருட்டில் நிற்பவர் வெளிச்சம் கசியும் இடங்களை ஃபோனில் படம் எடுக்கட்டும்.

காகிதச் சோதனை: ஒரு தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்துவிட்டால் அங்கே இடைவெளி அதிகம். கிழிகிற அளவுக்குப் பிடித்தால் அங்கே கதவு இறுக்கம். கதவைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் செய்து பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ச் சோதனை: இதுதான் முக்கியம். உள்பக்கம் கதவை ஒட்டித் தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்புங்கள். ஒரு துளி விழுந்தாலும் தெரியும். வெளியே இருப்பவர் ஹோஸ் பைப்பில் மெதுவாக நீர் விட வேண்டும். மக்கில் ஊற்றினாலும் சரி. ஆனால் பீய்ச்சி அடிக்கக் கூடாது. அழுத்தமாக அடித்தால் ஒழுகாத இடமும் ஒழுகும்.

வரிசை கீழிருந்து மேலே. முதலில் வாசல் தரையில் மட்டும் நீர் விட்டு 5 நிமிடம் பாருங்கள். பிறகு கதவின் அடிப்பகுதி. பிறகு நிலையின் இரண்டு பக்கமும், முழங்கால், இடுப்பு, தோள் என்று உயர்த்திக்கொண்டே போங்கள். பிறகு கதவின் மூட்டுகள். கடைசியில் நிலையின் மேல்பக்கம், சன்ஷேட் சேரும் இடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 5 முதல் 10 நிமிடம் கொடுங்கள்.

ஏன் கீழிருந்து? மேலே ஆரம்பித்தால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எது வழி என்று பிரித்துச் சொல்ல முடியாது. கீழிருந்து போனால், எந்தக் கட்டத்தில் உள்ளே முதல் துளி தெரிகிறதோ, அந்த உயரத்தில்தான் ஓட்டை. ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். பழைய கதவில் இரண்டு வழி இருப்பது சாதாரணம்.

ஸ்க்ரூடிரைவர் சோதனை: நிலையின் கடைசி 15 செ.மீ. பகுதியில் ஸ்க்ரூடிரைவர் முனையை மெதுவாக அழுத்துங்கள். நல்ல மரம் தடுத்து நிறுத்தும். முனை ரொட்டியில் இறங்குவது போல இறங்கினால் மரம் மக்கியிருக்கிறது. மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சைக்குப் பெரிதாக வேலை இல்லை. அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால்தான் ஆபத்து. ஈரமான மரம் கரையானுக்கும் அழைப்பு. நிலையை ஒட்டி மண் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

சரி, எப்படிச் சரிசெய்வது?

கண்டுபிடிக்கும் போது கீழிருந்து மேலே போனோம். சரிசெய்யும் போது மேலிருந்து கீழே வாருங்கள். மேலே திருப்பிவிட்ட நீர் கீழே வராது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சன்ஷேட்: சுவரோடு சேரும் விரிசலைக் கொஞ்சம் அகலமாகச் செதுக்கி, சுத்தம் செய்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். மேலே தண்ணீர் தேங்கினால் வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்க வேண்டும். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. உள்ளே தள்ளி, அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளக்கோடு போட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். சுவர் வரை ஓடி வராது. கொத்தனார்கள் இதை ட்ரிப் மோல்டு என்பார்கள்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே: உதிர்ந்த பூச்சையும் பழைய சிலிகானையும் முழுசாகச் சுரண்டி எடுங்கள். சிமெண்டால் அடைத்தால் அடுத்த கோடையிலேயே மறுபடி விரிசல் விடும். மரத்தோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் தெரிந்த பொருள் வேண்டும். பாலியூரிதேன் சீலண்ட் இதற்குப் பொருத்தம்; காய்ந்த பிறகு மேலே பெயிண்ட் அடிக்கலாம். சாதாரண சிலிகான் மேல் பெயிண்ட் ஒட்டாது. இடைவெளி ஒரு விரல் அகலம் இருந்தால் உள்ளே முதலில் ஃபோம் கயிறு திணித்து, அதன் மேல் சீலண்ட் போட வேண்டும். மேல்பக்கம், இரண்டு பக்கவாட்டு – இந்த மூன்றையும் அடையுங்கள். நிலையின் கீழ்ப்படியின் வெளிவிளிம்பை மட்டும் விட்டுவிடுங்கள். தப்பித் தவறி உள்ளே போன நீருக்கு வெளியேற ஒரு வழி வேண்டும்.

கதவு: மூட்டுகளில் பெயர்ந்த பெயிண்டை எடுத்து, லப்பம் வைத்து, பிரைமர் அடித்து, வெளிப்புறத்துக்கான பெயிண்ட் அடிக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் விட்டுவிடும் ஓர் இடம் இருக்கிறது: கதவின் அடி விளிம்பு. நின்றபடி பார்த்தால் தெரியாது. ஃபோன் கேமராவை ஆன் செய்து கதவுக்கு அடியில் நீட்டி ஒரு படம் எடுங்கள். பழைய கதவுகளில் அங்கே பெரும்பாலும் பச்சை மரம்தான் தெரியும். செங்குத்துச் சட்டத்தின் இழைகள் முடியும் இடம் அது. மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிட இழை முனையில் பல மடங்கு வேகமாக நீரைக் குடிக்கும், ஸ்ட்ரா கட்டு போல. கீலிலிருந்து கதவைக் கழற்றி, காயவைத்து, மேல் விளிம்பு, அடி விளிம்பு உட்பட ஆறு பக்கமும் பெயிண்ட் அடித்தால்தான் அந்த வேலை முழுமை.

கதவின் அடியில் ஒரு பட்டை: கதவின் வெளிமுகத்தில், அடியை ஒட்டிக் குறுக்காக ஒரு சாய்வான மரப்பட்டையோ அலுமினியப் பட்டையோ திருகால் பொருத்தலாம். முகத்தில் வழிந்து வரும் நீரை அது வாசற்படிக்கு வெளியே தள்ளிவிடும். மரப்பட்டை என்றால் அதன் அடியிலும் ஒரு பள்ளக்கோடு தேவை. பட்டையின் மேல் விளிம்பு கதவோடு சேரும் இடத்தில் சீலண்ட் போடுங்கள். செலவுக்குத் தகுந்த பலன் அதிகம் கிடைக்கிற வேலை இதுதான்.

கதவுக்கு அடியில்: இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிரஷ் அல்லது ரப்பர் வைத்த டோர் ஸ்வீப். அது மிச்சத்தைத் தடுக்கும். பூச்சியையும் தூசியையும் தடுக்கும். வெள்ளத்தைத் தடுக்காது.

வெளித் தரை: 1 மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் வெளிப்பக்கமாக வாட்டம் இருக்க வேண்டும். ஒரு கோலிக்குண்டை வாசலில் வைத்துப் பாருங்கள். உங்களை நோக்கி உருண்டு வந்தால் தரைதான் குற்றவாளி. தரையை மாற்ற முடியாதபோது, வாசலுக்கு முன்னால் குறுக்கே ஜாலி போட்ட சிறு கால்வாய் ஒன்று போதும். அது எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் கதவை இழைக்காதீர்கள்

ஜூலையிலோ நவம்பரிலோ கதவு உப்பி, மூட மறுக்கும். உடனே ஆசாரி வந்து இழைப்புளி போடுவார். கதவு வெண்ணெய் மாதிரி மூடும். ஏப்ரலில் மரம் சுருங்கும்போது அந்த இடத்தில் வெளிச்சம் தெரியும். அடுத்த மழைக்குத் தண்ணீர் வரும் வழி அதுவே.

கணக்கைப் பாருங்கள். ஒரு கதவின் இரண்டு பக்கச் சட்டங்களும் சேர்ந்து 20 செ.மீ. அகலம் என்று வைப்போம். கோடைக்கும் மழைக்கும் நடுவே மரத்தின் ஈரப்பதம் 6 சதவீதப் புள்ளி மாறினால், நிதானமாக நடந்துகொள்ளும் தேக்கிலேயே சுமார் 2 மி.மீ. கூடிக் குறையும். ஆசாரி இழைத்து எடுப்பது ஏறக்குறைய அந்த 2 மி.மீ.தான்.

கதவு உரசினால் முதலில் கீலின் திருகுகளைப் பாருங்கள். பல நேரம் மேல் கீல் தளர்ந்து கதவு சாய்ந்திருக்கும். நீளமான திருகு போட்டு இறுக்கினாலே சரியாகிவிடும். இழைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மரம் காய்ந்த பிறகு செய்யுங்கள், இழைத்த இடத்துக்கு உடனே பெயிண்ட் அடியுங்கள்.

எப்போது வேலை வைத்துக்கொள்வது? மும்பை, கொச்சி என்றால் மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை. சென்னை, கடலோர மாவட்டங்கள் என்றால் மே, ஜூன், ஜூலை. பெங்களூரு என்றால் பிப்ரவரி, மார்ச். ஈர மரத்தின் மேல் பெயிண்டோ சீலண்டோ ஒட்டாது. ஒட்டினாலும் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

இப்பவே மழை பெய்யுது, என்ன செய்ய?

தடுப்பை வெளியே வையுங்கள். சன்ஷேட்டிலிருந்து தார்ப்பாயையோ தடித்த பிளாஸ்டிக் ஷீட்டையோ திரை மாதிரி தொங்கவிட்டு, அடியில் செங்கல் வைத்துவிட்டால் கதவில் மழை படுவது வெகுவாகக் குறையும். வாசற்படிக்கு வெளியே மணல் மூட்டை வைக்கலாம். வீட்டிலிருந்து வெளியேறும் வழி மட்டும் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே துண்டு போடுவதில் தவறில்லை; ஆனால் மழை நின்றதும் எடுத்துவிடுங்கள். ஈரத் துண்டு நாள் முழுக்க அங்கேயே கிடந்தால் மரத்துக்கு மழை நிற்கவே இல்லை என்று அர்த்தம். கதவைத் திறந்து, மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுக் காயவிடுங்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டும் முன்

வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்டில் அதைவிட அதிக ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பத்து இருபது கோட் ஏறிய பழைய கதவை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆபத்து. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், உதிர்ந்ததைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், குழந்தைகளை அன்று வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

வாடகை வீடு என்றால் செலவு யாருடையது?

2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதைப் பட்டியல் போட்டே சொல்கிறது. வாடகைதாரரால் வந்த சேதம் தவிர, கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளும், கதவு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. கதவின் கைப்பிடி, பூட்டு மாற்றுவதும், உடைந்த கண்ணாடியை மாற்றுவதும் வாடகைதாரர் பொறுப்பு. உரிமையாளர் தன் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால் வாடகைதாரரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஒன்றை நினைவில் வையுங்கள்: இது மாதிரிச் சட்டம். மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் செல்லும். தமிழ்நாட்டுக்கு 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் எது நடைமுறையில் இருக்கிறது, உங்கள் ஒப்பந்தப் பத்திரம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பேசும்போது புகாராக இல்லாமல் ஆதாரமாக அனுப்புங்கள். "சார், கதவு ஒழுகுது" என்றால் "பார்க்கலாம்" என்பதே பதில். "சார், நேற்று தண்ணீர் விட்டுச் சோதித்தோம். சன்ஷேட் விரிசல் வழியாகத்தான் நிலைக்குள் இறங்குகிறது, வீடியோ அனுப்பியிருக்கிறேன். இப்போது கொத்தனார் ஒரு நாள் வேலைதான். விட்டால் நிலையை மாற்ற வேண்டியிருக்கும்" என்று எழுதினால், அது அவருடைய பணத்தைக் காப்பாற்றுகிற செய்தி. வீடு காலி செய்யும் நாளில், அட்வான்ஸில் எதைப் பிடிப்பது என்ற பேச்சு வரும்போதும் அந்த வீடியோவும் அதன் தேதியும் உங்கள் பக்கம் நிற்கும்.

ஆசாரியிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

- "அண்ணே, கதவைக் கழற்றி அடிப்பக்கமும் பெயிண்ட் அடிப்பீங்களா, மாட்டினபடியேவா?"
- "நிலையோட அடி மட்டும்தான் மக்கியிருக்கு. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுப் போட முடியுமா, முழு நிலையும் மாத்தணுமா?" பல நேரங்களில் ஒட்டுப் போட்டாலே போதும். நல்ல பழைய தேக்கு நிலையை முழுசாகத் தூக்கிப்போட அவசரப்பட வேண்டாம்.
- "எங்கே அடைக்கப் போறீங்க, தண்ணி வெளியே போக எந்த இடத்தை விடப் போறீங்க?"

மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் நம்பி வேலையைக் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் அதே தண்ணீர்ச் சோதனையை, அதே வரிசையில், அவரையும் வைத்துக்கொண்டு ஒருமுறை செய்துவிடுங்கள். சீலண்டும் பெயிண்டும் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதால், டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் காய்ந்தே இருந்தால் வேலை சரி.